ஜோடி இல்லாத மேடை

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் இராஜபாளையத்துச் சுவர்களுக்குப் புதுக் களை வந்துவிடும். சினிமா விளம்பரத்தையும் டியூஷன் விளம்பரத்தையும் மறைத்துக்கொண்டு நாடக நோட்டீஸ்கள் ஏறி உட்காரும். மேலே 'வள்ளி திருமணம்' என்று கொட்டை எழுத்து. கீழே வட்ட வட்டமாக முகங்கள். ராஜபார்ட்டுக்குத் தலையில் கிரீடம், ஸ்திரீபார்ட்டுக்கு நெற்றிச் சுட்டி, பபூனுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. எனக்கு முகங்களைவிட அவற்றின் கீழே போட்டிருக்கும் ஊர்ப் பெயர்களின் மேல்தான் கண். ஒருவர் புதுக்கோட்டை, ஒருவர் மதுரை, ஒருவர் காரைக்குடி, ஆர்மோனியக்காரர் திண்டுக்கல். கம்பெனிப் பெயர் என்று ஒன்று எங்கே தேடினாலும் இராது.

இதற்கு 'ஸ்பெஷல் நாடகம்' என்று பெயர். அறியாத வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நாடகக் கம்பெனி என்றால் முதலாளி உண்டு, வாத்தியார் உண்டு, சீன் உண்டு, சமையல்காரர் உண்டு, ஒத்திகை உண்டு. ஸ்பெஷலில் இதெல்லாம் கிடையாது. ஒவ்வொரு நடிகரும் தனி ஆள். ஊர்க்காரர்கள் அவரவரைத் தனித்தனியே பேசி முன்பணம் கொடுத்துவிட்டு வருவார்கள். வேலனும் வள்ளியும் அன்று சாயங்காலம் அரிதாரம் பூசிக்கொள்ள உட்காரும்போதுதான் முதன்முதலாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதும் உண்டு. ராத்திரி பத்து மணிக்குமேல் ஆரம்பித்தால், கிழக்கு வெளுப்பதற்குள் அந்த இருவரும் சண்டை போட்டு, சமாதானமாகி, கல்யாணமும் செய்துகொண்டாக வேண்டும். ஒத்திகை இல்லாமல் இது எப்படி நடக்கும் என்று கேட்கலாம். சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ஆம் வருஷம் கண் மூடுமுன் எழுதி வைத்துவிட்டுப் போன பாட்டும் வசனமும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அத்தனை பேருக்கும் பொதுச் சொத்து. அது நெஞ்சில் இருந்தால் போதும், யாரோடு வேண்டுமானாலும் மேடை ஏறலாம்.

தனி ஆளாகக் கிளம்பி ஊர் ஊராகப் போய்ப் பாடுவது என்பது நம் பக்கத்தில் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொழில் என்பதற்காக இதைச் சொன்னேன். இந்த விஷயத்தை நான் யோசிக்கும்படி ஆனதற்குக் காரணம் என் தங்கை மகன்.

அவன் பகலில் ஒரு நூல் மில் ஆபீசில் கணக்கு எழுதுகிறான். ராத்திரியில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடுகிறான். குழுவில் ஒன்பது பேர். கோயில் பொங்கல், கல்யாண வரவேற்பு, கட்சிக் கூட்டம் ஆரம்பிப்பதற்கு முன்னால் ஜனம் சேர்க்கும் பாட்டு, எல்லாவற்றுக்கும் போவார்கள். சுற்று வட்டாரத்தில் குழுவுக்கு நல்ல பெயர். பெயர் குழுவுக்கு, கைதட்டல் இவனுக்கு. ஆறு வருஷம் கைதட்டல் வாங்கிய எந்த மனிதனுக்கும் ஒரு நாள் அந்த யோசனை வரத்தானே செய்யும்? வந்தது. குழுவிலிருந்து விலகித் தனியாகப் பாடப்போவதாக வீட்டில் சொல்லிவிட்டான்.

தங்கை டெலிபோனில் அழுதாள். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. அந்தக் குழுக்காரர்தான் இவனுக்கு மைக் பிடிக்கக் கத்துக் கொடுத்தவரு. ட்ரம்ஸ் வாசிக்கிற தம்பி பிள்ளைகளுக்கு ஸ்கூல் பீஸ் கட்டுறதே இந்த வரும்படியிலதான். இவன் பாட்டுக்கு வந்துட்டா அவங்க கதி என்ன?"

தன் மகனின் கதியைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

பையன் வந்தான். உபதேசத்துக்குத் தயாராக வந்தவன்போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் சொல்லாமல் இருக்கவே, அவனே கைப்பேசியை எடுத்து ஒரு வெள்ளைக்காரர் பாடுவதைப் போட்டுக் காட்டினான்.

"இவரு யார் தெரியுமா மாமா? ராபர்ட் பிளான்ட். குழுவை விட்டுட்டுத் தனியாப் போய் ஜெயிச்சவரு."

வீணாய் ஒருவரை மேற்கோளுக்கு இழுத்தால் அவர் சரித்திரத்தை முழுவதும் படித்துப் பார்ப்பது என் வழக்கம். இரண்டு ராத்திரி படித்தேன். பையன் சொன்னது பாதிதான்.

இங்கிலாந்தில் 1968-ஆம் வருஷம் 'லெட் ஸெப்பலின்' என்று ஒரு ராக் குழு தோன்றியது. நான்கே பேர். பன்னிரண்டு வருஷம் உலகத்தை உலுக்கி எடுத்தார்கள். நடுவே 1972-இல் பாடகர் பிளான்டும் கிதார்க்காரர் ஜிம்மி பேஜும் பம்பாய்க்கு வந்து நம் வாத்தியக்காரர்களை வைத்துக்கொண்டு ஒலிப்பதிவு செய்து பார்த்ததும் உண்டு. 1980 செப்டம்பர் 25-ஆம் தேதி குழுவின் ட்ரம்ஸ்காரர் ஜான் போனம் இறந்து போனார். பணம் கொட்டுகிற தொழில். வேறு ஒருவரைப் போட்டுக்கொண்டு நடத்தியிருக்கலாம். மற்ற மூவரும் அப்படிச் செய்யவில்லை. அந்த டிசம்பரிலேயே கடையைச் சாத்திவிட்டார்கள். அப்போது பிளான்டுக்கு வயது 32. ஆக, அவர் குழுவை விட்டுவிட்டுப் போனார் என்பது சரியல்ல. அவருக்குக் குழு இல்லாமல் போயிற்று. இரண்டும் ஒன்றாகுமா?

1982-இல் தனி இசைத்தட்டு வந்தது. 1983-இல் தனியாகச் சுற்றுப்பயணம் கிளம்பினார். அப்போது பழைய குழுவின் பாட்டு ஒன்றைக்கூடப் பாட மறுத்துவிட்டார். ஜனங்கள் கத்துகிறார்கள், கேட்கிறார்கள், பாடவில்லை. பாடகன் இத்தனை வைராக்கியமாக இருப்பதைப் படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதே சமயம், காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வந்து வெறுங்கையோடு திரும்பிய மனிதனை நினைத்தும் பரிதாபமாக இருந்தது. ஐந்து வருஷம் பிடித்தது அவர் மனம் இளக. 1988-இல்தான் பழைய பாட்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக மேடைக்குத் திரும்பின.

அதே 1988-இல் 'ரோலிங் ஸ்டோன்ஸ்' குழுவின் மிக் ஜாகரும் தனியாகக் கிளம்பினார். அவர் குழு உயிரோடுதான் இருந்தது. கூட்டாளிக்கும் அவருக்கும்தான் மனஸ்தாபம். மார்ச் மாதம் ஜப்பானுக்குப் போனார். அந்தக் குழு அதுவரையில் ஜப்பானில் பாடியதே இல்லை. இவர் தனியாகப் போய் என்ன பாடினார் என்று பார்த்தால், பெரும்பாகம் குழுவின் பாட்டுகளே! வீட்டில் கோபித்துக்கொண்டு வெளியேறிய மாப்பிள்ளை, ஹோட்டலில் போய் உட்கார்ந்து வீட்டுச் சாம்பாரையே கேட்ட கதைதான். மறு வருஷமே சமாதானமாகி எல்லாரும் ஒன்றாகச் சுற்றுப்பயணம் கிளம்பிவிட்டார்கள். இதில் எனக்குப் பெரிய சுவாரசியம் இல்லை. மேலே போகலாம்.

"சரி மாப்ளே, உனக்கு ஒரு கேள்வி. நீ பாடுற பாட்டுல பாதி ஜோடிப் பாட்டாச்சே. தனியாப் போனா பொம்பளைக் குரலுக்கு எங்கே போவே?" என்று கேட்டேன்.

"கரோக்கில போட்டுக்கலாம் மாமா" என்றான். சொல்லும்போதே அவனுக்குச் சுரத்து இல்லை.

அந்தப் பங்குனியில் தளவாய்புரத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் நாடகம். பையனையும் அழைத்துக்கொண்டு போனேன். அம்மன் பார்ப்பதற்கு வசதியாகக் கோயிலைப் பார்த்து மேடை. பாய், தலையணை, கைக்குழந்தை சகிதம் ஊரே தரையில். பபூன் வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போய், நடனம் முடிந்து, நாரதர் பாடி முடிப்பதற்குள் நள்ளிரவு தாண்டிவிட்டது. வேலன் வேஷக்காரருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். வள்ளிக்கு இருபத்தைந்துகூட இராது. இருவரும் அன்றுதான் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்த பெரியவர் சொன்னார்.

தர்க்கம் ஆரம்பித்தது. இந்த நாடகத்துக்கு உயிரே தர்க்கம்தான். வேலன் ஒன்று கேட்பான், வள்ளி மடக்குவாள். அவள் பாடிய இடத்திலிருந்து இவன் ஒரு படி மேலே போவான். நல்ல ராஜபார்ட் என்றால் எதிராளியைத் திணற அடித்துக் கைதட்டல் வாங்கிவிட முடியும். அந்த மனிதரும் முதலில் அப்படித்தான் ஆரம்பித்தார். இரண்டரை மணி சுமாருக்கு அந்தப் பெண்ணின் தொண்டை கட்டிக்கொண்டது. மேலே போக வேண்டிய இடத்தில் குரல் காற்றாகிவிட்டது. கூட்டத்தில் இரண்டு பேர் விசில் அடித்தார்கள். உடனே ஆர்மோனியக்காரர், அவள் விட்ட இடத்தை எடுத்து, அவள்தான் வேண்டுமென்று விட்டுக்கொடுத்தாள் என்று தோன்றும்படி வாசித்து முடித்துவிட்டார். வேலனும் பாட்டை நிறுத்திவிட்டு வசனத்தில் இறங்கினார். கால் மணி நேரம் அவரே பேசினார், அவளை உட்கார வைத்துவிட்டு. அவள் ஒரு டம்ளர் சுடுதண்ணீர் குடித்துவிட்டு எழுந்தபோது குரல் திரும்பியிருந்தது.

"மூணு பேரும் தனித்தனி ஆளுங்கன்னு சொன்னீங்களே மாமா?" என்றான் பையன். நான் வாயைத் திறக்கவில்லை.

இந்த வள்ளி - வேலன் வேஷத்தில்தான் 1926-ஆம் வருஷம் கொழும்பில் இரண்டு பேர் முதன்முதலாக ஒரே மேடையில் சேர்ந்தார்கள். வேலன், செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா, வயது இருபது. வள்ளி, கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள், வயது பதினெட்டு.

செங்கோட்டை எங்களுக்கு அந்நிய ஊர் அல்ல. இராஜபாளையத்தில் காலை ரயில் ஏறினால் சங்கரன்கோவில், தென்காசி வழியாக இரண்டு மணி நேரத்துக்குள் போய் இறங்கிவிடலாம். குற்றாலச் சாரல் ஊர். கிட்டப்பாவின் காலத்தில் அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956-இல்தான் நம்மோடு சேர்ந்தது. பிள்ளைப் பருவத்திலேயே நாடகத்துக்குப் போன கிட்டப்பா, கன்னையா கம்பெனியின் 'தசாவதார'த்தில் பெரும் புகழ் பெற்றவர். மைக் இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரன் காதில் விழாவிட்டால் பாட்டு பாட்டல்ல. உச்ச ஸ்தாயியில் அநாயாசமாகச் சஞ்சாரம் செய்யும் அவர் குரலைக் கேட்க, சங்கீத வித்வான்களும் நாடகக் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

கம்பெனியை நம்பிப் பிழைக்கும் பாடகனுக்கு ஒரு பெரிய கண்டம் உண்டு. அதற்கு 'மகரக்கட்டு' என்று பெயர். பையனுக்கு மீசை அரும்பும் வயதில் குரல் உடைந்து போகும். நேற்று வரையில் ராஜபார்ட்; இன்று வெளியே. புதுக்கோட்டை பி. யு. சின்னப்பா இப்படிக் குரல் உடைந்து நாடகத்தைவிட்டு வெளியே வந்து, சிலம்பமும் குஸ்தியும் பழகி, பிற்பாடு பாட்டோடு திரும்பி வந்தவர். கிட்டப்பாவை அந்தக் கண்டம் ஒன்றும் செய்யவில்லை. வேறு கண்டம் காத்திருந்தது.

சுந்தராம்பாளின் ஆரம்பம் வேறு மாதிரி. ரயிலில் பாடிக் காசு வாங்கிய ஏழைச் சிறுமி என்றும், அந்தக் குரலைக் கேட்ட ரயில்வே அதிகாரி ஒருவர்தான் நாடகத்தில் சேர்த்துவிட்டார் என்றும் அவர் சரித்திரத்தை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கிட்டப்பாவோடு இந்தப் பெண் பாடித் தாங்குவாளா என்று கொழும்பில் பேசிக்கொண்டார்களாம். தாங்கினார். மறு வருஷம் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. கிட்டப்பாவுக்கு முன்பே ஒரு மனைவி உண்டு. மேடையில் இவ்வளவு பொருத்தமாக இருந்தவர்களுக்கு வீட்டில் பொருந்தவில்லை. பிரிவும், சேர்வும், மறுபடி பிரிவுமாகப் போயிற்று. சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சில் வந்தன. அவற்றைப் படித்தவர்கள் அவ்வளவு சுலபமாக மறக்க முடியாது. நான் அவற்றுக்குள் போகப் போவதில்லை. அவர் நமக்கு எழுதவில்லை.

1933 டிசம்பர் 2-ஆம் தேதி கிட்டப்பா இறந்தார். வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

தமிழ்நாட்டில் அன்றைக்கு இந்த ஜோடிக்கு மிஞ்சி ஒரு ஜோடி கிடையாது. பாதி போய்விட்டது. மீதிப் பாதி என்ன செய்ய வேண்டும்? உலகம் சுலபமாக ஒரு வழி சொல்லும்: இன்னொரு வேலனைப் பார்த்துக்கொள் என்று. தொழிலும் அதைத்தான் சொன்னது. ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட்டுக்குப் பஞ்சமா? அந்த அம்மாள் வெள்ளைப் புடவை உடுத்திக்கொண்டார். நகைகளைக் கழற்றினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று சபதம் செய்துகொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வந்தபோது அவர் நாடகத்துக்கு வரவில்லை, கச்சேரிக்கு வந்தார். இதை வாசகர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நாடக மேடையில் வேஷம் உண்டு, சீன் உண்டு, எதிரே பாட ஓர் ஆள் உண்டு. கச்சேரி மேடையில் ஒரு ஜமுக்காளம். பக்க வாத்தியம் இரண்டு மூன்று. எதிரே இருப்பவர்களோ கொட்டகையில் அவரை வள்ளியாகப் பார்த்தவர்கள். அவர்கள் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் வெற்றிடம் தெரியாமல் இருக்குமா? பிளான்ட் அந்த வெற்றிடத்தைக் காட்டக் கூடாது என்று பழைய பாட்டுகளை ஒளித்து வைத்தார். இந்த அம்மாள் அதை வெள்ளைப் புடவையாக உடுத்திக்கொண்டே வந்து உட்கார்ந்தார். பாட்டைக் கேட்பதற்கு முன்பே சேதி சபைக்குப் போய்விட்டது. பிறகு யாருக்கும் அதைப் பற்றிக் கேட்கத் தோன்றாது. பாட்டைத்தான் கேட்க வேண்டும்.

எல்லாரும் இப்படித் தாங்களாக முடிவு செய்து தனியே நின்றார்கள் என்று சொல்ல முடியாது. சிவகாசியில் 1886-இல் பிறந்த எஸ். எஸ். விஸ்வநாததாஸ் எங்கள் ஜில்லாக்காரர். வேலன் வேஷத்தில் தேசியப் பாட்டைப் பாடிவிட்டு, மேடையிலிருந்தே சிறைக்குப் போகக்கூடியவர். மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு ஜோடியாக நடிக்க மறுத்த நடிகைகள் உண்டு. அரிதாரம் பூசிய பிறகும் சாதி தெரிந்தது அவர்கள் கண்ணுக்கு! அவருடைய தனிமை அவர் தேடிக்கொண்டதல்ல. 1940 டிசம்பர் 31-ஆம் தேதி சென்னையில் 'வள்ளி திருமண'த்தில் முருகனாக மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது.

இதை யோசித்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு விடியற்காலை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருந்தேன். எங்கள் ஊரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம்தான் இருக்கும். பால்கோவா சாக்கில் அடிக்கடி போவதுண்டு. மார்கழி என்றால் அந்தத் தெருக்களில் திருப்பாவை நிற்காது. அன்று மார்கழி அல்ல, கோயில் அமைதியாக இருந்தது. நந்தவனத்தின் பக்கம் நிற்கும்போது, இத்தனை வருஷம் கண்முன் இருந்தும் கவனிக்காத சமாசாரம் ஒன்று புத்தியில் தட்டியது. ஆண்டாள் பாடியவை இரண்டு. திருப்பாவை முப்பது பாட்டும் கூட்டுப் பாட்டு. தோழிகளை எழுப்பி, வீடு வீடாக ஆள் சேர்த்துக்கொண்டு போகிற பாட்டு. நாச்சியார் திருமொழியின் 143 பாட்டும் பெரும்பாலும் ஒற்றைக் குரல். தோழிகள் வாசலோடு நின்றுவிட்டார்கள். மேகத்தோடும் குயிலோடும் சங்கோடும் அந்தப் பெண் தனியே பேசுகிறாள். ஊரெல்லாம் பாடுவது முதலாவதை. இரண்டாவதில் கல்யாணக் கனவைச் சொல்லும் ஒரு பத்தை மட்டும் கல்யாண வீடுகளில் பாடிவிட்டு, மற்றதைப் பண்டிதர்களிடம் விட்டுவிட்டோம். தனிக் குரலை முழுக்கக் கேட்க நமக்குக் கொஞ்சம் பயம்தான் போலிருக்கிறது.

சுந்தராம்பாளுக்கு வருகிறேன். சினிமாக்காரர்கள் விடவில்லை. நடிக்கச் சொல்லி வற்புறுத்தியபோது, தட்டிக் கழிப்பதற்காகவே ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்றும், கேட்ட மனிதர் சரி என்றுவிட்டார் என்றும் ஒரு கதை சொல்வார்கள். லட்சம் வாங்கினார் என்பது கதையல்ல. 1935-இல் 'பக்த நந்தனார்' வந்தது. வேஷம் என்ன? நந்தனாரேதான். ஆணோடு ஜோடியாக நடிப்பதில்லை என்றவர், ஆணாகவே நடித்துவிட்டார்! படத்தைப் பலர் கிண்டல் செய்தார்கள். செய்யட்டும். சபதம் பிசகவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஏற்ற வேஷங்களை வரிசையாகப் பாருங்கள். 1940-இல் மணிமேகலை, துறவி. 1953-இல் வாசனின் 'ஔவையார்'; இளமையே வேண்டாம் என்று கிழவியானவள். 1964-இல் 'பூம்புகா'ரில் கவுந்தி அடிகள், மறுபடி துறவி. 1965-இல் 'திருவிளையாடல்', மீண்டும் ஔவை. ஜோடியே தேவைப்படாத பாத்திரங்கள் நம் கதைகளில் எத்தனை உண்டோ அத்தனையையும் தேடி எடுத்தாற்போல இருக்கிறது. சினிமா என்றாலே கதாநாயகனும் கதாநாயகியும் என்று இருக்கிற நாட்டில், கதாநாயகன் இல்லாமல் ஒரு பெண் 'ஔவையா'ரை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது லேசான காரியமா? நடுவே காங்கிரஸ் மேடைகளில் பாடினார். 1951-இல் சென்னைச் சட்ட மேலவைக்குப் போனார். 1969-இல் 'துணைவன்' படத்தில் பாடியதற்காகத் தேசிய விருது வாங்கும்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 1980-இல் காலமானார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிட்டப்பாவோடு ஏழு வருஷம். அதிலும் பிரிந்திருந்த நாட்கள் பல. தனியாக ஏறக்குறைய நாற்பத்தேழு வருஷம். ஆனாலும் பழைய ரஸிகர்கள் வாயில் 'கிட்டப்பா - சுந்தராம்பாள்' என்று ஒரே மூச்சில்தான் வரும்.

பிளான்டின் கதையிலும் ஒரு மிச்சம் இருக்கிறது. 2007 டிசம்பர் 10-ஆம் தேதி லண்டனில் பழைய குழு ஒரே ஒரு ராத்திரிக்குக் கூடியது. ட்ரம்ஸில் இறந்தவரின் மகன். உலகமே டிக்கெட்டுக்கு அடித்துக்கொண்டது. அப்படியே ஒரு சுற்றுப்பயணம் போனால் கோடி கோடியாகக் குவியும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். பிளான்ட் போகவில்லை. அலிஸன் கிராஸ் என்று பிடில் வாசித்துப் பாடும் அமெரிக்கப் பெண்மணியோடு சேர்ந்து மெல்லிய குரலில் ஜோடிப் பாட்டுகள் பாடக் கிளம்பிவிட்டார். அந்த இசைத்தட்டுக்கு 2009-இல் கிராமி விருதில் அந்த வருஷத்தின் சிறந்த ஆல்பம் என்ற பரிசு கிடைத்தது. தனியாகக் கிளம்பிய மனிதர், இருபத்தைந்து வருஷம் சுற்றிவிட்டு, கடைசியில் பக்கத்தில் ஒரு குரலைத் தேடிக்கொண்டார். அதையும் தப்பென்று சொல்ல எனக்கு மனமில்லை.

பையன் சித்திரை முடிய ஒப்புக்கொண்டிருந்த நிகழ்ச்சிகளையெல்லாம் குழுவோடு பாடிக் கொடுத்துவிட்டு, வைகாசியில் விலகினான். குழு ஒன்றும் நின்றுவிடவில்லை. பதினைந்தே நாளில் வேறு ஒரு பையனைப் பிடித்துவிட்டார்கள். அவன் ஆடவும் ஆடுகிறானாம். ட்ரம்ஸ்காரர் பிள்ளைகளுக்குப் பீஸ் கட்டியாயிற்று. "என்னை ஒருத்தரும் தேடல மாமா" என்று இவன் சொன்னபோது, அதில் நிம்மதி பாதி, வருத்தம் பாதி. தனி நிகழ்ச்சிக்கு ஊர்க் கமிட்டிகள் குழுவுக்குக் கொடுப்பதில் கால்வாசிதான் கொடுக்கின்றன. அதிலும், "கூடப் பாடுமே ஒரு பொண்ணு, அது வரலையா?" என்று முதல் வரிசையிலிருந்தே கேட்கிறார்களாம். கரோக்கியில் பெண் குரலைப் போட்டுப் பார்த்திருக்கிறான். அது இவன் மூச்சு வாங்கினாலும் நிற்காது. தொண்டை கட்டினாலும் காத்திராது. இரண்டு நிகழ்ச்சியோடு அதை நிறுத்திவிட்டான். இப்போது ஒற்றைக் குரல் பாட்டுகளாகத் தேடித் தேடி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறான். இதுவரையில் நாற்பதுக்கு மேல் சேர்ந்திருக்கிறது என்றான். தங்கை இப்போது அழுவதில்லை, பேசுவதில்லை.

'திருவிளையாடலை' எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. கோபித்துக்கொண்டு மலைமேல் போய் நிற்கிற பிள்ளை முருகனிடம், கோலை ஊன்றிக்கொண்டு ஔவை போய்ப் பாடுகிற கட்டம் எல்லாருக்கும் தெரியும். 1967-இல் வந்த 'கந்தன் கருணை'யிலும் அதே ஔவை, அதே முருகன். கச்சேரிகளிலும் அவர் அதிகம் பாடியது முருகன் மேல்தான். ஜோடியாக யாரையும் ஏற்காதவர் வாழ்நாள் முழுவதும் எதிரே நிறுத்திப் பாடியது, கொழும்பில் கிட்டப்பா போட்டுக்கொண்டு வந்த அதே வேஷத்தைத்தான். அவர் அப்படி நினைத்துப் பாடினாரா என்று கேட்கும் உரிமை நமக்கு இல்லை.

என் அம்மா இருந்த வரையில், அந்தக் கட்டம் வருகிற சமயம் பார்த்து அடுப்பைத் தணித்துவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிடுவாள். படத்தின் மற்ற கட்டங்கள் எதற்கும் அவள் வந்ததில்லை. பாட்டு முடிந்ததும், ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய், குழம்பு கொதிக்கிறதா என்று பார்ப்பாள்.